படமும் கதையும்: மலைத்தோட்டப் பிள்ளைகளின் ஆங்கில எழுத்து

படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லும் பயிற்சி மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்குப் புதியதன்று. 2021-இல் நீக்கப்பட்ட ஆறாம் ஆண்டுத் தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளில் படங்களும் துணைச் சொற்களும் தரப்பெற்றன. அவற்றைக் கொண்டு மாணவர் கதை புனைந்தனர். தேர்வு மறைந்தது, பயிற்சி மறையவில்லை. தாளில் இருந்த படம் இன்று திரைக்கு ஏறியுள்ளது, அசைகிறது, பேசுகிறது. ஆனால், திரை வந்ததனால் கதை வந்துவிட்டதா என்பதே ஆராயத்தக்க கேள்வி.

படத்தின் துணையால் பிறமொழி கற்பிக்கும் முறை பழமையானது. கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658-இல் வெளியிட்ட படநூல், பொருளைக் காட்டி அதன் இலத்தீன் பெயரைக் கற்பித்தது. பெயரறிவுக்குப் படம் நல்ல துணை, ஐயமில்லை. ஆயினும் பெயர்களை அடுக்குவது கதையாகாது.

இங்கே தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு கைகொடுக்கிறது. அது பாட்டுக்கு வகுத்த இலக்கணமே. எனினும் படத்தின் எல்லையை அளக்க அதனினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. படம் நிலத்தைக் காட்டும். பொழுதையும் ஓரளவு காட்டும். மரத்தையும் மாவையும் புள்ளையும் தொழிலையும் காட்டும். முதலும் கருவும் இவ்வாறு கண்ணுக்குப் புலனாகும். உரிப்பொருளாகிய மனநிகழ்வை எழுதுபவனே தரவேண்டும். தேயிலைச் சரிவில் ஒருத்தி நிற்கிறாள்; மேகம் கருத்திருக்கிறது. இதைப் பார்க்கும் மாணவன், 'ஒரு பெண் இருக்கிறாள், மழை வரப்போகிறது' என எழுதினால் படத்தைப் படித்தவன் ஆவான். மழை வருமென்று அறிந்தும் அவள் ஏன் இறங்கவில்லை என்று கேட்டானேல், அப்போதே கதை தொடங்கிவிடுகிறது. அக்கேள்வியை எழுப்பாத பாடம், எத்தனை வண்ணப் படம் காட்டினும், வருணனைப் பாடமே.

கேமரன் மலை இவ்வாய்வுக்கு ஏற்ற களம். போ தேயிலைத் தோட்டம் 1929-இல் ரஸ்ஸல் என்பவரால் தொடங்கப்பெற்றது. தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் அம்மலைச் சரிவுகள் பசுமை கொண்டன. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் முதலாளிமார்மீது சுமத்தியிருந்தது. இம்மலைத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்குத் தமிழும் மலாயும் கடந்து மூன்றாவதாக வருவது ஆங்கிலம். அவன் கையில் 2018 முதல் தரப்பட்ட ஆங்கில நூலோ வெளிநாட்டில் ஆக்கப்பெற்றது. அதன் படங்கள் அழகியவை, ஒலிப்பதிவும் நன்று. ஆயின் அறியாத பொருளையும் அறியாத சொல்லையும் ஒருங்கே சுமக்கும் இரட்டைச் சுமை இளம்பிள்ளைக்கு மிகை. தன் வீட்டு வாசலிலோ சுற்றுலாப் பயணிகள் நாள்தோறும் படம் எடுத்துச் செல்கின்றனர். உலகமெங்கும் செல்லும் அப்படங்களுக்குக் கதை எழுதுவோர் பிறர். அங்கே வாழும் பிள்ளை எழுதவில்லை. குறை இங்கேதான்.

மொழியமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 'எழுந்து, தேநீர் வைத்து, பிள்ளையை எழுப்பிவிட்டுச் சென்றாள்' என்று வினையெச்சங்களைக் கோத்து ஒரே முற்றில் முடிப்பது தமிழ்ப் பிள்ளையின் இயல்பு. ஆங்கிலத்தில் அவ்வினைகளைத் தனித்தனியே சொல்லுங்கால் ஒவ்வொன்றும் இறந்தகால வடிவம் ஏற்கும். கடைசி வினைக்கு மட்டும் அவ்வடிவைத் தந்து முன்னவற்றை விட்டுவிட இதனால் இடமுண்டு. படத்திற்கு ஒரு வாக்கியம் என்னும் கட்டளை இப்பிழையை மறைக்கிறதே தவிர, களைவதில்லை. கோவையாகச் சொல்லும் திறனையும் அது அறுத்துவிடுகிறது. முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லவைத்து, பின் வினைகளைப் பிரித்துக் காட்டுவதே செவ்விய வழி.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. நியூசிலாந்தின் மவோரிப் பிள்ளைகளுக்கு அயல்வாழ்வைக் காட்டிய வாசகங்கள் பயன்படாமை கண்ட சில்வியா ஆஷ்டன்-வார்னர், அவர்தம் சொற்களையே பாடமாக்கினார். 1963-இல் வந்த அவரது நூல் அதை விளக்குகிறது. அமெரிக்காவின் கென்டக்கி மலைநாட்டில் வெண்டி எவால்ட் 1970-களில் பிள்ளைகள் கையில் புகைப்படக் கருவியைக் கொடுத்தார். தம் குடும்பத்தையும் தம் கனவையும் அவர்களே படமெடுத்தனர். அப்படங்கள் 1985-இல் நூலாயின. கருவி ஆசிரியர் கையில் இருக்கும்வரை மாணவன் பார்வையாளன்; தன் கைக்கு வந்தபின் படைப்பாளன். கருவியின் உண்மைப் பயன் இம்மாற்றமே.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். தோட்டப் பிள்ளை என்றதும் கொழுந்துக் கூடையைக் காட்டுவதும் ஒரு வாய்பாடே. இன்று கொழுந்தின் பெரும்பகுதி கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டப்படுகிறது. வெட்டுவோருள் அயல்நாட்டவர் மிகப் பலர். மாணவனின் தாய் கடையிலோ விடுதியிலோ வேலை செய்யலாம். ஆசிரியர் கற்பனை செய்த தோட்டத்தை அவன்மேல் ஏற்றுவதும் அயல்நூலின் பிழையை உள்ளூரில் செய்வதேயாகும். உழைப்பவரைப் படமெடுக்குமுன் அவர் இசைவைக் கேட்பதும் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். மலைமடிப்புகளில் இணையத் தொடர்பு நலிவதும் உண்டு. ஒரு கைப்பேசியும் ஒரு வகுப்பும் போதும் என்னும் அளவில் பாடத்தை அமைத்தல் தக்கது.

கட்டளையிட்டால் கணினியே படமும் வரைந்து பிழையற்ற கதையும் எழுதித் தரும் காலம் இது. ஆகவே பிழையின்மை மட்டும் மதிப்பெண்ணுக்கு அளவாகாது. 'ஒன் ஃபைன் டே' என மனப்பாடமாகத் தொடங்கும் நூறு கட்டுரைகளினும், தாய் ஏன் மழையில் நின்றாள் என்பதற்குத் தன் விடையைத் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதிய ஒன்று உயர்ந்தது. தடுமாற்றத்தைத் திருத்த ஆசிரியர் இருக்கிறார்; எழாத கேள்வியைத் திருத்த எவராலும் இயலாது.