இயங்குநேரத்தில் இணையச் சேவைகளை அழைத்தல்: ஒரு மதிப்பீடு

எந்தச் சேவையை, எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்று நிரல் எழுதும்போதே முடிவு செய்யாமல், நிரல் ஓடும் நேரத்தில் ஓர் அட்டவணையைப் படித்து அழைப்பது இயங்குநேர அழைப்பு ஆகும். குறித்த நேரத்தில் தானே நடக்க வேண்டிய பணிகளுக்கு இம்முறையைப் பலர் பரிந்துரைக்கின்றனர். அதன் நன்மை உண்மையானதே. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையை யாரும் போதிய அளவு சொல்வதில்லை.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியை எடுத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-இலும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய ஆலைகளுக்கு உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்கள் இங்கு ஏராளம். ஒரே நிறுவனம் இரண்டு மூன்று ஆலைகளுக்குச் சரக்கு அனுப்பும். ஒவ்வோர் ஆலையின் கணினி அமைப்பும் வேறு. அரசின் இ-வே பில் சேவையும் உண்டு. சேவையின் முகவரி மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்தித் தொகுப்பதைவிட அட்டவணையில் ஒரு வரியைத் திருத்துவது எளிது.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. பழைய நூல்கள் விளக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்பு, சேவையின் செயற்கூறுகளையும் அவை கேட்கும் தரவு வகைகளையும் சொல்லும், விதிகளைச் சொல்லாது. ஜேசான் வடிவில் தரவு வாங்கும் இ-வே பில் சேவையிலோ மாற்றங்கள் மனிதர் படிக்கும் அறிவிப்புகளாகவே வருகின்றன. 2025 ஜனவரி 1 முதல், 180 நாளுக்கு முந்தைய தேதியிட்ட ஆவணத்துக்கு இ-வே பில் எடுக்க முடியாது. இந்தத் தடையை வடிவத்தைப் பார்த்து எந்த நிரலும் ஊகிக்க முடியாது.

காலநீட்டிப்பு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு, சீட்டு நள்ளிரவில் காலாவதியாகும். அதற்கு முன்பும் பின்பும் எட்டு மணி நேரத்துக்குள், அதாவது மாலை 4 முதல் மறுநாள் காலை 8 வரை, நீட்டிக்கலாம். தவறினால் வண்டி தடுக்கப்படலாம். வரியைப் போல் இருமடங்கு தண்டம் கேட்கப்படலாம். எனவே இரவு 11 மணிக்குத் தானே நீட்டிக்கும்படி நிரலை அமைக்கும் ஆசை வருவது இயல்பே. ஆனால் நீட்டிப்புப் படிவம், வண்டி இப்போது எங்கே நிற்கிறது, ஏன் தாமதம் என்று கேட்கிறது. நிரலுக்கு அது தெரியாது. நேற்றைய இடத்தையே நிரப்பி அனுப்பினால், அழைப்பு வெற்றி பெறும், தகவல் பொய்யாகும். பள்ளியில் கால அட்டவணை போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: மூன்றாம் பாடவேளை கணக்கு என்று அட்டவணை சொல்லும், கணக்காசிரியர் விடுப்பில் இருப்பது அதற்குத் தெரியாது.

இன்னொரு குறை: செயற்கூற்றின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், நிலையான அழைப்பில் தொகுப்பி பகலிலேயே கண்டுபிடித்துவிடும். இயங்குநேர அழைப்பில் அது நள்ளிரவில், அலுவலகத்தில் ஆள் இல்லாதபோது வெளிப்படும். பிழை பதிவேட்டில் ஏறியிருக்கும். ஓட்டுநர் சோதனை நடக்கும் சாலையோரத்தில் நிற்பார்.

ஆகவே முகவரியையும் நேரத்தையும் அட்டவணையில் வைக்கலாம். செயற்கூறுகளையும் புலப்பெயர்களையும் நிரலிலேயே நிலைப்படுத்துவது நல்லது என்பது என் கருத்து. மாலை 4 மணிக்கே வண்டியின் இடத்தை ஓட்டுநரிடம் குறுஞ்செய்தியில் கேட்டு, 8 மணிக்குள் பதில் வராவிட்டால் பொறுப்பாளரின் கைபேசிக்கு அழைப்புப் போகும்படியும் நிரலை அமைக்க வேண்டும்.