விட்ட பணியும் தொட்ட பணியும்: ‘அல்முன்கித்’ – ஒரு மறுவாசிப்பு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் வாழ்வின் பிற்பகுதியில் எழுதிய ‘அல்முன்கிது மினள் ளலால்’ அளவிற் சிறிய நூல். உண்மையை எவ்வாறு அறிவது என்னும் வினாவுக்கு விடை தேடிய நூலாகவே அறிஞர்கள் அதனைப் போற்றி வந்துள்ளனர். ஆயினும் அதனுள் மற்றொரு வினாவும் உண்டு. தனக்குரிய பணி இன்னதென ஒரு மனிதன் எவ்வாறு தெரிந்துகொள்வது? இன்றைய இளைஞர்கள் சிலர் இந்த இரண்டாம் வினாவுக்காகவே நூலை நாடுகின்றனர். உள்ளம் சொல்வதைக் கேட்டு, ஒவ்வாத வேலையை உதறிவிட வேண்டும் என்னும் இக்கால அறிவுரைக்கு இமாமவர்களையே சான்றாக நிறுத்துகின்றனர். இவ்வாசிப்பு பொருந்துமா என்பதே நம் ஆய்வு.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் கணக்கெழுதும் நம் பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், இமாம் அவர்கள் பக்தாதையே விட்டுப் போனார்கள். நான் இந்த வேலையை விடக்கூடாதா?” என்று கேட்டார். அவருடைய ஊதியத்தை நம்பி வீட்டில் மூவர் இருக்கின்றனர். விடை கூறுமுன் நூலை மீண்டும் திறந்தோம்.

ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) அமைச்சர் நிஜாமுல் முல்க், இமாமவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யாவில் ஆசிரியராக அமர்த்தினார். சில ஆண்டுகளில் அவர்கள் தம் செயல்கள் ஒவ்வொன்றையும் எடைபோட்டார்கள். அவற்றுள் சிறந்ததாகக் கருதிய கற்பித்தலையும் விட்டுவைக்கவில்லை. அதன் பின்னிருந்த நிய்யத்து அல்லாஹ்வின் பொருத்தம் அன்று, பதவியும் புகழுமே எனக் கண்டார்கள். ஹிஜ்ரி 488 ரஜபில் (1095) நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது என மருத்துவர்கள் கைவிரித்தனர். அவ்வாண்டு துல்கஃதாவில் பக்தாதை நீங்கினார்கள்.

இங்கு முதலில் கவனிக்கத்தக்கது வினாவின் தன்மை. ‘இப்பணி எனக்குப் பிடிக்கிறதா?’ என்று இமாமவர்கள் கேட்கவில்லை. ‘இதை யாருக்காகச் செய்கிறேன்?’ என்றே கேட்டார்கள். இரண்டாவதாக, உள்ளத்தில் ஒலித்த குரல் ஒன்றல்ல. ஈமானின் அழைப்பு புறப்படச் சொன்னது. ஷைத்தானின் ஊசாட்டமோ இது விரைவில் மறையும் நிலை என்றது. காலையில் எடுத்த உறுதி மாலையில் கரைந்தது. ஆகவே உள்ளுணர்வும் எடைபோடப்பட வேண்டியதே. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘அகாயிதுன் நஸஃபிய்யா’வும் இல்ஹாமை அறிவின் வாயில்களுள் ஒன்றாக ஏற்கவில்லை.

நூலை மேற்கோள் காட்டுவோர் பலர் பக்தாதின் வாசலோடு நின்றுவிடுகின்றனர். கதை அங்கு முடியவில்லை. தனிமையை நாடிச் சென்ற இமாமவர்களைப் பிள்ளைகளின் அழைப்பு ஊருக்கு இழுத்து வந்தது. ஹிஜ்ரி 499இல் (1106) நிஷாப்பூரில் கற்பிக்கும் பொறுப்பை மீண்டும் ஏற்றார்கள். அப்போதும் தம் உள்ளத்தை மட்டும் நம்பாமல் அகப்பார்வை உடையோரிடம் மஷூரா செய்தார்கள். விட்டதும் கற்பித்தல், தொட்டதும் கற்பித்தல். முன்னர்ப் புகழை ஈட்டும் அறிவைப் போதித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கும் அறிவைப் போதிப்பதாகவும் அவர்களே வேறுபாடு கூறுகிறார்கள். பணி மாறவில்லை, பணியாளர் மாறினார்.

இனி நூலின் எல்லையையும் கூற வேண்டும். பொருளைப் பங்கிட்டுக் கொடுத்த இமாமவர்கள், பிள்ளைகளுக்குப் போதுமானதை ஒதுக்கிவிட்டே புறப்பட்டார்கள். ஈராக்கின் செல்வம் முஸ்லிம்களுக்கான வக்ஃபு ஆகையால் ஆலிம் தம் குடும்பத்திற்காக அதிலிருந்து பெறுவது தகும் என்றும் விளக்குகிறார்கள். அத்தகைய ஆதரவு அற்றவன் என்ன செய்வான்? ‘அல்முன்கித்’ இதற்கு விடை தரவில்லை. விடை ‘இஹ்யா’வில், பொருளீட்டலின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில் உள்ளது. தொழில்கள் ஃபர்ளு கிஃபாயா. அவை கைவிடப்பட்டால் மக்களின் வாழ்வு குலையும். அந்த எண்ணத்தோடு கடைக்குச் செல்பவனும் மறுமைக்கே உழைக்கிறான் என்பது அதன் கருத்து. உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதைத் தர்மம் செய்தார்கள். நம் பகுதியிலோ, 1924இல் உமராபாதில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காகா முஹம்மத் உமர் ஒரு தோல் வணிகர்.

ஆனால் இதை எந்த வேலையையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஆறுதலாக்கிவிடக் கூடாது. பொதுமக்களுக்குத் தீங்கு தரும் வணிகத்தை ‘இஹ்யா’ தனியே எடுத்துக் கண்டிக்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுநீர் பற்றி 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்றது. ஹலாலான தோலும் ஹராமான தீங்கைச் சுமந்து வரலாம். எனவே சுயசோதனை என்பது தன் விருப்பத்தை மட்டும் தோண்டிப் பார்ப்பதன்று. தன் உழைப்பு யாரை வாழ்விக்கிறது, யாரை வருத்துகிறது என்பதையும் கேட்பதாகும்.

மாணவரிடம் மூன்றைக் கூறினோம். கணக்கில் பொய் எழுதப் பணிக்கப்பட்டால் அன்றே விலகிவிட வேண்டும். சலிப்புதான் காரணமெனில், வீட்டாரின் உரிமையை முதலில் எண்ண வேண்டும். இரண்டுமின்றி உள்ளம் வேறொரு பணியை விடாது நாடினால், விவரமறிந்தோரிடம் கலந்து, இஸ்திகாரா தொழ வேண்டும். கனவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் அந்தத் துஆவில் கனவு பற்றிய பேச்சே இல்லை. மார்க்கத்தோடு சேர்த்து வாழ்வாதாரத்திலும் நன்மையே அதில் வேண்டப்படுகிறது.

அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதில் குறையொன்றும் இல்லை. இமாமவர்களுக்கே மாதங்கள் தேவைப்பட்டன. வல்லாஹு அஃலம்.