வெளிக்களக் கல்வியும் தேயிலை மலையும்: மஸ்கெலியாவை முன்வைத்து ஒரு குறிப்பு

சூழலையே பாடநூலாகக் கொள்ளும் கருத்து கல்வியுலகிற்குப் புதிதன்று. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலை வகுப்பறையாக்கினார். காந்தி 1937இல் வார்தாவில் கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தார். மலையக ஆசிரியர்க்கும் இவ்வழி உகந்ததெனக் கூறப்படும்போது, மஸ்கெலியாவில் 'வெளி' என்பது யாது என்னும் வினா எழுகின்றது.

சாந்திநிகேதனின் மரநிழல் ஓய்வின் வெளி. தேயிலை மலை உழைப்பின் வெளி. இங்கு இயற்கையெனத் தோன்றுவது, காடழித்து நிரைநிரையாக நடப்பெற்ற மூலதனமே. மலையின் எழிலை மட்டும் வருணிக்கச் சொல்லும் ஆசிரியர், தம்மை அறியாமலே துரையின் பங்களா முற்றத்தில் நின்று பேசுகின்றார். வார்தா முறையையும் அவ்வாறே பெயர்த்து நடவியலாது. பிள்ளைகளின் உழைப்பைத் தோட்டம் மலிவாகக் கொண்ட வரலாறு இங்குண்டு. 1970களின் பிற்பகுதி முதல் படிப்படியாக அரசு பொறுப்பேற்கும்வரை, தோட்டப் பாடசாலைகள் நிருவாகத்தின் நிழலிலேயே இயங்கின.

இவ்விடத்துச் சி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) பணி நோக்கற்பாலது. அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நாட்டார் சுவைக்குரிய திரட்டாகவே பெரிதும் படிக்கப்படுகின்றது. நாம் அதனை ஒரு கற்பித்தல் முறைக்கும் சான்றாகக் கொள்வோம். உழைப்போரிடம் எழுதப்படாத அறிவுண்டு என ஏற்று, முதலில் கேட்போனாக அமர்தலே அம்முறை. ஆயினும் பாடல் அச்சேறியதும் பெரட்டுக்களமும் கங்காணியின் குரலும் அதனின்று நீங்கிவிடுகின்றன. அவற்றை மீளப் பொருத்திக் காட்டுவது ஆசிரியரின் பொறுப்பாகும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவு எவ்வளவு, அரைப்பேர் எவ்வாறு விழுகின்றது என்பன கணிதமாகும். 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. கடும் வரட்சியில் அதன் கோயில்கள் வெளித்தோன்றும்போது வரலாற்றுப் பாடம் கரையிலேயே கிடைக்கின்றது. அந்நீர் தந்த மின்சாரம் லயத்தை எப்போது வந்தடைந்தது என்று பிள்ளைகள் தம் பாட்டிமாரிடம் கேட்டறியலாம்.

மலையைவிட்டு நீங்குவதற்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றோம் என்னும் பெற்றோரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பள்ளிப்பாடம் பிள்ளையை மீண்டும் கொழுந்துக் கூடையிடம் சேர்ப்பதாயின் அவர்கள் அஞ்சுவது முற்றும் நியாயமே. எனவே பிறவூர்ப் பிள்ளைகள் கற்கும் விஞ்ஞானம், மொழி, கணிதம் எதுவும் இங்குக் குறைதலாகாது. அவற்றோடு, தம்மைக் கட்டியுள்ளவற்றை இனங்காணும் அறிவும் வேண்டும். அவ்வறிவை ஊட்ட முற்படும் ஆசிரியர், முதலில் லயத்து வாசலில் மாணவராதல் வேண்டும்.