பெயரில்லாதவரின் விலாசம்

கையெழுத்துப் போடாமல் எழுதுகிறவரை நம்பக்கூடாது என்கிற அபிப்பிராயம் நம்மிடையே பலமாக இருக்கிறது. மொட்டைக் கடிதாசு என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறோம். விக்கிபீடியாவைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இந்தப் பயம்தான் முன்னால் வந்து நிற்கிறது. யார் வேண்டுமானாலும், பெயர்கூடச் சொல்லாமல், கட்டுரையைத் திருத்தலாமாமே!

2005-ல் ஆங்கில விக்கிபீடியாவில் நடந்ததைப் பார்க்கலாம். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் சம்பந்தப்பட்டவராக ஒரு காலத்தில் கருதப்பட்டவர் என்று யாரோ பெயரில்லாமல் எழுதிவைத்தார். சுத்தப் பொய். ராபர்ட் கென்னடியின் சவப்பெட்டியைச் சுமந்த நண்பர்களில் ஒருவர் சீகன்தாலர். நாலு மாதத்துக்கு மேல் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. விஷயம் வெளியாகி அமளிப்பட்டதும், கணக்குத் தொடங்காதவர்கள் புதுக் கட்டுரை ஆரம்பிக்கக்கூடாது என்று டிசம்பரில் விதி வந்தது.

வைத்தியம் நோய்க்குப் பொருந்தவில்லை என்பது என் கட்சி. கணக்குத் தொடங்க நிஜப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும். கணக்கில்லாமல் எழுதுகிறவரின் ஐ.பி. எண்ணையோ அன்று எல்லோரும் பார்க்கலாம். பொய் எழுதியவரைக் கண்டுபிடித்ததே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்த்தான். 'பூவரசு' என்று ஒரு கணக்கு வைத்து எழுதியிருந்தால் வெளியார் யாரும் அவரை நெருங்கியிருக்க முடியாது.

பின் பெயர் எதற்கு? நான் கதை எழுதுகிறவன்; புனைபெயரின் குணம் எனக்குத் தெரியும். அது ஆளை மறைக்கும், எழுத்தை மறைக்காது. ஒரே பெயரில் நூறு திருத்தம் செய்தவரிடம், "இந்த வருஷம் உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். அவரும் தாம் தொட்ட கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் வைத்துக் காவல் காக்கலாம். ஐ.பி. எண்ணிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை. இன்று இவருடையது, நாளை அடுத்த தெருக்காரருடையதாக இருக்கும்.

இருந்தாலும், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போகிற வழிப்போக்கரிடமும் பதிவேட்டை நீட்டுவது எனக்குச் சம்மதமில்லை. போர்த்துகீசிய விக்கிபீடியா 2020-ல் அப்படித்தான் கதவைச் சாத்தியது. 2025-ல் பல விக்கிகளில் வந்த ஏற்பாடு தேவலை. கணக்கில்லாதவருக்குத் தானாகவே ஒரு தற்காலிகப் பெயர்; ஐ.பி. எண் பொதுப் பார்வையிலிருந்து மறைந்தது. அந்தப் பெயருக்கு ஆயுள் தொண்ணூறு நாள். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.