வென்றதாகச் சொன்னால் போதாது

“ராஜா எங்கேயும் நகர முடியாம மாட்டிக்கிட்டான். அப்புறம் எப்படி இது டிரா?” செஸ் கற்றுக்கொள்ளும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி இது. சாதாரணக் கேள்வியும் அல்ல. ஸ்டேல்மேட்டுக்குள் தள்ளியவருக்குக் கூடுதலாகக் கொஞ்சம் புள்ளி தரலாம் என்று உலக சாம்பியன் லாஸ்கரே வாதிட்டிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ கதை தலைகீழ்: எதிராளியை ஸ்டேல்மேட் செய்தவரே தோற்றவர்!

ஆக, இந்த விதி இயற்கை அல்ல, மனிதர்கள் எடுத்த முடிவு. நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். டிரா விதிகளை வரிசையாகப் படித்தால் அவற்றுக்குள் ஒரே குரல்தான் கேட்கிறது: பலமுள்ளவனே நிரூபிக்க வேண்டும்.

கடைசி வரிசையில் கறுப்பு ராஜா. அதற்கு நேர் முன்னால் வெள்ளைச் சிப்பாய், அதன் பின்னால் வெள்ளை ராஜா. கறுப்பு நகர்த்த வேண்டும், ஆனால் இடமில்லை, செக்கும் இல்லை. டிரா. இதை வெற்றி என்று மாற்றிவிட்டால், சிப்பாயை முந்திக்கொண்டு ராஜாவை நடத்தும் நுட்பத்துக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது. ஒரு சிப்பாய் அதிகம் இருந்தாலே போதும் என்றாகிவிடும்.

50 நகர்த்தல் விதியும் இதே குரல்தான். இரு தரப்பும் 50 முறை நகர்த்தியும் எந்தக் காயும் வெட்டப்படவில்லை, எந்தச் சிப்பாயும் அசையவில்லை என்றால் டிரா கேட்கலாம். அதைத் தாண்டியும் நீளும் வெற்றிகளைக் கணினிகள் கண்டுபிடித்தன. ஃபிடே சில நிலைகளுக்கு விலக்கு கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. பலகையில் ஒளிந்திருக்கும் உண்மையைவிட மனிதரின் பொறுமைக்கு மதிப்பளித்த முடிவு அது.

எனக்கு உடன்பாடில்லாதது பேசிவைத்து எடுக்கும் டிராதான். 2018 லண்டன் உலகப் போட்டியின் 12ஆவது ஆட்டத்தில், நல்ல நிலையில் இருந்த கார்ல்சன் 31 நகர்த்தல்களிலேயே டிரா கேட்டார், கருவானாவும் ஏற்றுக்கொண்டார். 12 ஆட்டங்களும் டிரா. விரைவு ஆட்டங்களில் கார்ல்சன் வென்றது சரியான கணக்குதான். ஆனால் அன்று அந்தப் பலகையில் யாரும் எதையும் நிரூபிக்கவில்லை.

2024, சிங்கப்பூர், 14ஆவது ஆட்டம். குகேஷிடம் ஒரேயொரு சிப்பாய் அதிகம். “இது டிராதான்” என்று பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் விடாமல் ஆடினார். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தவறினார். காய்கள் வெட்டுப்பட்டு, கடைசியில் மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான்.