இரவல் நாக்கு

ஒயினை ருசி பார்த்து எழுதுகிற குறிப்புகளும் ஒரு வகை விமர்சனம்தான். தான் சுவைத்ததை இன்னும் சுவைக்காத ஒருவனுக்குச் சொல்ல வேண்டும். நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவன் செய்கிற காரியமும் அதுவே. அதனால் நாசிக் ஜில்லாவில் ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்த்த நாலு நாட்களில் நான் குடித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோதாவரி பிறக்கிற த்ரியம்பகேச்வரம் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரம். தை மாசி ராத்திரிகளில் நல்ல குளிர். சூர்ப்பணகையின் மூக்கு அறுபட்டதால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்பது ஐதிகம். மூக்கையே முதலாகக் கொண்ட ஒரு தொழில் தேடிப் பிடித்து அந்த ஊரில் வேரூன்றியது விநோதந்தான். தின்கிற திராட்சையில் நாசிக்குக்கு முன்பே பெயர் உண்டு; பாட்டில் கதை புதிது. ஸ்டான்போர்டில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த், பிரெஞ்சுத் தேசத்து ஸொவினியோன் ப்ளாங்க் முதலான ரகங்களை நட்டு, 2000-ல் முதல் சுலா பாட்டிலை வெளியே கொண்டுவந்தார். 2001-ல் மகாராஷ்டிர சர்க்கார் வரிச் சலுகைகளோடு ஒரு கொள்கையை அறிவித்தது. அதற்குப் பிறகு திண்டோரி, இகத்புரி, கங்காபூர் அணைக்கட்டு ஓரம் என்று ஆலைகள் பெருகின. இன்று சனி ஞாயிறுகளில் பம்பாயிலிருந்து கார்கள் வரிசையாக வருகின்றன.

எல்லா ஆலையிலும் சுற்றிக் காட்டும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் எவர்சில்வர் தொட்டிகள், பிறகு ஓக் மரப் பீப்பாய்கள், கடைசியில் நீள மேஜையில் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். ஓர் ஆலையில் எங்களுக்குச் சொல்லிக் காட்ட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். கோப்பையைச் சுழற்றி முகர்ந்துவிட்டு, "ப்ளாக்கரண்ட், எல்டர்ப்பூ, வெட்டிய புல், கூஸ்பெரி" என்று மந்திரம் சொல்வதுபோல் ஒப்பித்தான். கூஸ்பெரி என்றால் என்ன என்று ஒரு அம்மாள் கேட்டாள். ஆம்லா, அதாவது நெல்லிக்காய் என்றான். அந்த அம்மாள் வெகு சிரத்தையாகக் கோப்பைக்குள் நெல்லிக்காயைத் தேட ஆரம்பித்தாள். ஐரோப்பாவில் அந்தப் பெயரில் காய்ப்பது வேறு செடி, வேறு காய்; நம் நெல்லிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவள் எத்தனை நேரம் முகர்ந்தாலும் அகப்படாது. ஆனாலும் கடைசியில், "ஆமாம், இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டாள். மரியாதைக்காக ரசிப்பது என்பது இலக்கியத்தில் மட்டும் இருக்கிற வியாதி அல்ல.

கூட்டம் கலைந்த பிறகு அவனிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

"ப்ளாக்கரண்ட் சாப்பிட்டிருக்கிறாயா, தம்பி?"

"ஐஸ்கிரீமில் சாப்பிட்டிருக்கிறேன், ஸார்."

"உன் மூக்குக்கு இது என்ன வாசனை?"

அவன் மறுபடியும் முகர்ந்தான். இந்தத் தடவை கோப்பையைச் சுழற்றவில்லை. "பேரு" என்றான். மராத்தியில் கொய்யா. "பழுக்காதது. கடித்தவுடன் வருமே, அது."

நான் முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, கொய்யாக்காய்தான். அந்த நாலு நாட்களில் நான் கேட்ட ஒரே விமர்சன வாக்கியம் அது. மேலாளர் அந்தப் பக்கம் வந்ததும் பையன் மறுபடியும் எல்டர்ப்பூவுக்குத் திரும்பிவிட்டான்.

நம் விமர்சகர்கள் செய்வதும் இதையேதான். கிராமத்தைப் பற்றி ஒருவன் எழுதினால் அவன் தமிழ்நாட்டு ஹார்டி. கதை கொஞ்சம் துக்கமாக முடிந்துவிட்டால் செகாவ். சொல்கிறவன் ஹார்டியை ஐஸ்கிரீமில்தான் சாப்பிட்டிருப்பான்.

இதைச் சுதேசி வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடி பிரெஞ்சுக் கொடி, பீப்பாயும் பெரும்பாலும் பிரெஞ்சுப் பீப்பாய்; சொல்லும் கூடவே வருவதில் தப்பில்லை. ஸொவினியோனில் குடமிளகாய் வாசனை என்கிறார்களே, அது உவமை அல்ல. இரண்டிலும் இருப்பது ஒரே வகை ரசாயனப் பொருள். எந்தத் தேசத்து மூக்குக்கும் அது தெரியும். இரவல் சொல்லினால் நம் கண்ணில் பட வேண்டியது படாமல் போகும்போதுதான் எனக்குச் சங்கடம்.

நாசிக்கில் அப்படிப் படாமல் போவது கவாத்து. பிரான்ஸில் பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். நாசிக் குளிர் அதற்குப் போதாது; கொடிக்குத் தூக்கமே கிடையாது. அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று, மழை ஓய்ந்து செப்டம்பர் அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவதில் விடுகிற பழத்தை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுக்கிறார்கள். அந்த மண்ணுக்கென்று ஒரு தனிச் சரித்திரம் உண்டென்றால் அது இதுதான். எந்த ஆலையிலும் எந்த வழிகாட்டியும் எனக்கு இதைச் சொல்லவில்லை. வாசலில் பழப் பெட்டிகளை இறக்கக் காத்திருந்த ஒரு விவசாயிதான் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். 2008 நவம்பரில் பம்பாயில் தாக்குதல். அதே சமயத்தில் உலகெங்கும் பண நெருக்கடி. உல்லாசப் பயணிகள் வரவில்லை, பாட்டில் விற்கவில்லை, தொட்டிகள் காலியாகவில்லை. பல ஆலைகள் மூடிவிட்டன. ஒயின் திராட்சையை ஆலை வேண்டாமென்றால் சந்தைக்கும் கொண்டுபோக முடியாது. சிறிய பழம், தடித்த தோல், உள்ளே விதை. யார் வாங்கித் தின்பார்கள்? அவர் இரண்டு ஏக்கர் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டு, தின்கிற திராட்சை வைத்தார். இப்போது மறுபடியும் அரை ஏக்கர் மட்டும் ஒயினுக்கு. 2022 ஜனவரியில் பெரிய கடைகளில் ஒயின் விற்கலாம் என்று அந்த ராஜ்ய மந்திரிசபை முடிவு செய்தபோதும் விவசாயியின் பெயரைத்தான் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, அமலுக்கு வரவில்லை. ருசி மேஜையில் பெயர் வராத ஆள் இவர்தான்.

இதை எழுதும்போது நம் ஊர் ஞாபகம் வராமல் இல்லை. நம்மிடம் குடி என்பது ஒன்று பாவம், இல்லாவிட்டால் சர்க்கார் வருமானம். ருசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி என்று வகைக்கு ஒரு சொல் வைத்திருந்த பாஷையில் இன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சரக்கு' என்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. அங்கேயும் ஒருநாள் நீள மேஜை போட்டு யாராவது எல்டர்ப்பூ என்று சொல்லக்கூடும்.

ஒயின்களைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்பவர்களுக்கு: வெள்ளை ரகங்களில் பாதி அதிகத் தித்திப்பு; புது ஆட்களைப் பிடிப்பதற்காகச் செய்தவை. இகத்புரிப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் கொடுத்த ஷிராஸ் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதில் மிளகு வாசனை. வழிகாட்டிப் பெண் "காலி மிர்ச்" என்று சொன்னபோது கையிலிருந்த அட்டையைப் பார்க்கவில்லை.