அல்-குவாரிஸ்மியின் படிக்கப்படாத பாதி

முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பு குறித்துத் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் அல்-குவாரிஸ்மியின் பெயர் தவறுவதில்லை. ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லே அல்ஜிப்ரா ஆயிற்று, அவருடைய பெயரே லத்தீனில் திரிந்து அல்கோரிதம் ஆயிற்று என்பன நமக்கு மனப்பாடம். இரண்டும் உண்மையே. ஆயினும் இவை சொற்களின் வரலாறு. நூலின் உள்ளடக்கம் அன்று. கலீஃபா மஃமூனின் காலத்தில் (813–833) பக்தாதில் எழுதப்பட்ட அந்நூலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பாராட்டுரை எழுதிய பலரும் மௌனமாகி விடுவர். நூலின் ஏறத்தாழப் பாதி வஸிய்யத்துக் கணக்குகளால் ஆனது என்பதைச் சொல்பவர் மிகச் சிலர்.

பெருமைக்கு முன் ஓர் ஒப்புதல் வேண்டும். அறியப்படாத இரண்டு அளவுகளை இரண்டு நிபந்தனைகளிலிருந்து கண்டறியும் கலையை முஸ்லிம்கள் தொடங்கி வைக்கவில்லை. பாபிலோனியக் களிமண் பலகைகளில் அத்தகைய கணக்குகள் உண்டு. சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ நூலின் எட்டாம் அத்தியாயம் முழுவதும் அதற்கே உரியது. நீக்கல் முறையை அங்கே தெளிவாகக் காணலாம். மேலும் அல்-குவாரிஸ்மியிடம் இரண்டாவது அறியப்படாத அளவுக்குத் தனிப் பெயரே இல்லை. பத்தை இரண்டு பகுதிகளாகப் பிரி என்று தொடங்கும் கணக்குகளில் ஒரு பகுதியை ‘ஷைஉ’, அதாவது பொருள் என்பார். மற்றதைப் ‘பத்தில் பொருள் குறைய’ என்பார். இன்றைய பாடநூல் பிரதியிடல் முறை என்று அழைப்பதை அவர் பெயரிடாமலே, குறியீடின்றி, சொற்களால் செய்கிறார். முறையில் மட்டும் அவருடைய புதுமையைத் தேடுவோர் ஓரளவு ஏமாற்றமே அடைவர்.

அவருடைய தனித்தன்மை, சமன்பாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதில் இருக்கிறது. நூலின் இறுதிப் பகுதியில், ‘தவ்ர்’ என்னும் சுழற்சிக் கணக்குகளின் கீழ், மரண நோயில் நடந்த திருமணம் ஒன்று வருகிறது. மரண நோயில் கிடக்கும் ஒருவர் நூறு திர்ஹம் மஹர் கொடுத்து ஒரு பெண்ணை மணக்கிறார். அவருக்கு வேறு சொத்து இல்லை. அப்பெண்ணின் தகுதிக்குரிய மஹர் பத்து திர்ஹமே. பின்னர் மனைவி, தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத் செய்துவிட்டு இறக்கிறார். அதன்பின் கணவரும் இறக்கிறார். யாருக்கு எவ்வளவு?

தகுதிக்குரிய பத்து, மனைவிக்குச் சேர வேண்டிய கடன். அதில் தர்க்கம் இல்லை. எஞ்சிய தொண்ணூறு மரண நோயில் கொடுத்த நன்கொடை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் இல்லை என்பது ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் ஹதீஸிலிருந்து நாம் அறிந்த வரம்பு. மரண நோயின் நன்கொடையையும் ஃபிக்ஹு அறிஞர்கள் அந்த வரம்புக்குள்ளேயே வைத்தனர். அப்படியானால் தொண்ணூறில் மூன்றில் ஒன்று, முப்பது. விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் மனைவி முதலில் இறந்திருக்கிறார். அவர் கையில் இருப்பது பத்தும் முப்பதும் சேர்ந்த நாற்பது. வஸிய்யத் போக எஞ்சியதில் பாதி கணவருக்கு உரியது. பிள்ளையில்லாத மனைவியின் சொத்தில் கணவரின் பங்கை அன்னிஸா அத்தியாயத்தின் 12ஆம் வசனம் அவ்வாறே வகுத்திருக்கிறது. ஆக 13⅓ திர்ஹம் கணவரிடம் திரும்பி வருகிறது. வந்ததும் அவருடைய சொத்து பெருகுகிறது. பெருகியதும் மூன்றில் ஒன்றும் பெருகுகிறது. நன்கொடை 34 4/9 ஆகிறது. நன்கொடை கூடினால் திரும்பி வருவதும் கூடும். திரும்பி வருவது கூடினால் நன்கொடையும் கூடும். அறிஞர்கள் இதற்கு தவ்ர் என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! படிப்படியாகச் சென்றால் இச்சுழற்சி முடிவதே இல்லை.

இங்கேதான் இரண்டு சமன்பாடுகள் தேவையாகின்றன. நன்கொடையை ‘ந’ என்றும், திரும்பி வரும் பங்கை ‘ப’ என்றும் கொள்வோம். நன்கொடை போகக் கணவரின் வாரிசுகளிடம் எஞ்சுவது நன்கொடையைப் போல் இருமடங்கு இருக்க வேண்டும்: 90 + ப = 3ந. மனைவியின் சொத்தில் வஸிய்யத்து மூன்றில் ஒன்று, கணவருக்கும் மூன்றில் ஒன்று: 10 + ந = 3ப. இரண்டாவதிலிருந்து ந = 3ப − 10. அதை முதலாவதில் இட்டால் 90 + ப = 9ப − 30; எனவே ப = 15, ந = 35. கணவரின் வாரிசுகளுக்கு 70, மனைவியின் வஸிய்யத்துக்கு 15, மனைவியின் வாரிசுகளுக்கு 15. நூறும் தீர்ந்தது; எழுபது முப்பத்தைந்தின் இருமடங்காகவும் நிற்கிறது. அல்-குவாரிஸ்மி தம் ஒற்றைப் ‘பொருளை’ வைத்தே இதே முப்பத்தைந்தை அடைகிறார். 93⅓ திர்ஹமில் மூன்றில் இரண்டு பொருள் குறைய, அது இரண்டு பொருளுக்குச் சமம்; குறையை இருபுறமும் நிரப்பினால் 93⅓ திர்ஹம் 2⅔ பொருளாகும். அந்தக் குறை நிரப்புதலே ஜப்ர். நூலின் தலைப்புச் சொல் தன் வேலையைச் செய்வதைக் காண விரும்புவோர் இப்பகுதியைத்தான் படிக்க வேண்டும்.

1831இல் இந்நூலை லண்டனில் அரபு மூலத்தோடு ஆங்கிலத்தில் வெளியிட்ட ஃபிரெட்ரிக் ரோசன், இந்த இடத்தில் கடுமையான அடிக்குறிப்பு ஒன்றை எழுதினார். சமன்பாடுகளைத் தீர்ப்பதில் பிழையில்லை. ஆனால் கணக்கைச் சமன்பாடாக்கும்போது, கொடுக்கப்பட்ட விவரங்களில் இல்லாத ஊகங்கள் நுழைக்கப்படுகின்றன. விடையைச் சட்ட அறிஞர்களின் விதிகளுக்கு இணங்க வைப்பதே நோக்கம் போலும் என்பது அவர் கருத்து. ரோசனை இகழ்வதற்கில்லை, இருபத்தாறு வயதுகூட நிரம்பாத அந்த ஜெர்மானியரின் உழைப்பால்தான் உலகம் இந்தப் பகுதியைப் படிக்க முடிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் வஸிய்யத்துப் பகுதியை அப்படியே விட்டுவிட்டிருந்தனர். ஆனால் அவர் ஊகம் என்று கண்டது ஊகமன்று, ஃபிக்ஹு.

எடுத்துக்காட்டாக, மனைவி ஏன் முதலில் இறக்க வேண்டும்? கணவருக்குப் பின் அவர் உயிரோடிருந்தால் வாரிசு ஆகிவிடுவார்; மற்ற வாரிசுகள் இசையாவிட்டால் வாரிசுக்குச் செய்த வஸிய்யத் செல்லாது; அதிகப்படியான மஹரும் அந்த விதியில் சிக்கும். முதலில் இறந்ததால் அவர் வாரிசு அல்லர். நன்கொடை மூன்றில் ஒன்றுக்குள் செல்லும். கதையின் தற்செயல் போலத் தோன்றும் மரண வரிசை, உண்மையில் கணக்கின் அச்சாணி. சாலமன் காண்ட்ஸ் என்னும் யூத அறிஞர் 1938இல் எழுதிய விரிவான ஆய்வில் இந்தக் கணக்குகளைச் சட்டத்தோடு ஒப்பிட்டு, அல்-குவாரிஸ்மியின் மீதான குற்றச்சாட்டைத் துடைத்தார். இந்தப் பணியை முஸ்லிம் அறிஞர் ஒருவர் செய்திருக்கலாகாதா என்ற ஆதங்கம் நமக்கு எழுவது இயல்பே.

எனினும் காண்ட்ஸின் தீர்ப்பை முழுமையாக ஏற்க என் மனம் இடம் தரவில்லை. கணிதராக அல்-குவாரிஸ்மி குற்றமற்றவர். ஆசிரியராக அப்படிச் சொல்ல இயலாது. மனைவிக்குப் பிள்ளையில்லை என்பதை அவர் சொல்வதில்லை. கணவருக்குப் பாதி என்பதிலிருந்து நாமே உய்த்துணர வேண்டும். எந்த விதி எந்தச் சமன்பாட்டைத் தருகிறது என்றும் விளக்குவதில்லை. சட்டம் அறிந்தவர்களுக்காகவே அவர் எழுதினார். அறியாதவர் ரோசனைப் போல் தடுமாறினால் பழி படிப்பவரை மட்டுமே சேராது. நூறும் பத்தும் தந்து முப்பத்தைந்தும் பதினைந்தும் முழு எண்களாக வாய்க்கும் இக்கணக்கு, காழியின் மன்றத்திலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை, மாணவனுக்காகப் புனைந்தது.

நம் நிலைமை என்ன? லத்தீனில் வெட்டப்பட்ட அந்த நூல் நம்மிடமும் வெட்டுண்டே கிடக்கிறது. ஹனஃபி மத்ரஸாக்களில் சிராஜிய்யாவை ஓதும் மாணவர் பின்னங்களைக் கொண்டு ஃபராயிழ் பிரிக்கிறார். அறியப்படாத அளவுக்குப் பெயர் வைக்கும் வித்தையை அவர் பெரும்பாலும் சந்திப்பதில்லை. பள்ளியில் அவருடைய தம்பி இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளைப் பேனா விலையையும் தந்தை மகன் வயதையும் வைத்துத் தீர்க்கிறான். ஒரே வீட்டில், ஒரே நூலின் இரு பாதிகள்!

இரண்டாவது அறியப்படாத அளவுக்குத் தனிப் பெயர் சூட்டியவர்களுள் எகிப்தின் அபூ காமில் முக்கியமானவர். ‘பறவைகள் நூல்’ என்னும் சிறுநூலில் பொருள், தீனார், ஃபல்ஸ், முத்திரை எனப் பல பெயர்கள் ஒரே கணக்கில் நடமாடுகின்றன. நூறு திர்ஹமுக்கு ஐந்து வகைகளில் நூறு பறவைகள் வாங்கும் கணக்குக்கு அவர் கண்ட விடைகள் 2676 என்பது வியப்போடு எடுத்துரைக்கப்படும் எண். வியப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வாத்து ஒன்று இரண்டு திர்ஹம், கோழி ஒன்று ஒரு திர்ஹம், மற்ற மூன்றும் திர்ஹமுக்கு முறையே இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்து, எந்த வகையும் விடுபடாமல் எண்ணினால் வருவது 2678. தாளும் பேனாவும் போதும். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.